சிஸ்டரின் மழைக்காலம்

மேல் வீட்டு சிஸ்டரோடு எனக்கு முதல் பேச்சே சண்டை போடப் போய்த்தான் ஆரம்பித்தது. ஐப்பசி மாதம். காலை ஐந்தேகால் இருக்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தொம், தொம் என்று ஒரு சத்தம். பன்னிரண்டு தடவை கேட்கும், நிற்கும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் பன்னிரண்டு. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். நான்காம் நாள் என் கணவர், "நீ போய்க் கேக்கறியா, நான் போகட்டுமா?" என்றார். அவர் போனால் மரியாதையாகப் பேசிவிட்டு வந்துவிடுவார் என்று நானே மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. டீ ஷர்ட், முழங்கால் வரை ஒரு பேன்ட், கழுத்தில் துண்டு. நரை கலந்த தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தார்.

"வாங்க டீச்சர். கீழ கேக்குதா இன்னா?"

"கேக்குதாவா? எங்க ஃபேன் ஆடுது சிஸ்டர்."

"ஐய, சொல்லக் கூடாதா மூணு நாளா? இது குதிச்சி உக்காந்து எழுந்திருக்கறது. இருங்க, இன்னும் அஞ்சுதான் பாக்கி கீது. முடிச்சிட்டு பேசலாம்."

என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு அந்த ஐந்தையும் குதித்து முடித்தார். அதில் ஒன்று அவருக்குத் திருப்தியாக இல்லை. "இது சேராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொன்று குதித்தார். அப்புறம்தான் என்னை உள்ளே கூப்பிட்டார். மறுநாளிலிருந்து குதிப்பதை நிறுத்திவிட்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தார்.

செங்கல்பட்டில் அரசு மருத்துவமனை பிரசவ வார்டில் அவர் நர்ஸ். தெரு முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். காய்கறி வண்டிக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை அப்படித்தான். நான் மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் அவருக்கு நான் டீச்சர். இப்படியே நாலு வருஷம் பேர் சொல்லிக்கொள்ளாமல் பழகினோம். அவர் மாற்றலாகித் தெற்கே போய் இப்போது ஐந்து வருஷம் ஆகிறது.

அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு நாற்பத்தொன்று. சிஸ்டரின் கணவர் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். சிஸ்டரிடம் ஒரு சைக்கிள் இருந்தது, கியர் வைத்தது. வார்டுக்கும் அதில்தான் போவார். வார விடுமுறையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். மழைக்காலத்தில் அந்தச் சாலை குழியும் தண்ணீருமாகக் கிடக்கும். வார்டுக்குப் போய் வருவதைத் தவிர, மூன்று மாதம் சைக்கிளுக்கு ஓய்வு. அப்படி ஒரு மழைக்காலம் சும்மா இருந்துவிட்டு, பொங்கல் கழித்து நடந்த இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொண்டிருக்கிறார். மாமல்லபுரத்தில் புறப்பட்டு, கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய்த் திரும்ப வேண்டும். பதிமூன்றரை மணி நேரம் கெடு. நூற்று அறுபதாவது கிலோமீட்டரில் இடுப்பும் தொடையும் பிடித்துக்கொண்டு, சைக்கிளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாராம்.

"காலு நல்லாதான் இருந்துச்சு டீச்சர். மூணு மாசம் நான்தான் அத சும்மா போட்டு வெச்சிட்டேன். மழை ரோட்டுக்குத்தானே, காலுக்கு இன்னா?"

அதனால்தான் இந்த வருஷம் இந்தப் பயிற்சி. போனில் எனக்குக் காட்டினார். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாதவர்களுக்காகப் பன்னிரண்டு வாரத் திட்டம். அவன் கையில் இரும்பு எடை. சிஸ்டர் கையில் மணல் நிரப்பிய குளிர்பான பாட்டில்கள். அவன் மரப்பெட்டி மேல் ஏறினால் சிஸ்டருக்கு எங்கள் மாடிப்படி. "அவனுக்கு பனி, நமக்கு மழை. சைக்கிள் ரெண்டு ஊருலயும் வூட்டுக்குள்ளதான் நிக்குது" என்று சிரித்தார்.

சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. தேதிக்கு நேராக, உட்கார்ந்து எழுந்த எண்ணிக்கை. 38, 41, 40, 43. பையன் நாற்பத்தைந்து போடச் சொன்ன இடத்தில் சிஸ்டர் நாற்பத்து மூன்று போட்டால் நாற்பத்து மூன்று என்றே எழுதியிருந்தார். முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் பயிற்சிக்கு ஒரு நாள் ஐம்பத்தாறு வினாடி.

"இன்னும் நாலு வினாடி இருந்தா ஒரு நிமிஷமாச்சே சிஸ்டர்" என்றேன்.

"ஆமா. ஆனா இல்லியே."

அவ்வளவுதான் பதில்.

எனக்கு நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி முதுகு வலி. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிஸ்டர் எனக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். பாதி அளவுதான். உட்கார்ந்து எழுவது முப்பது, படி ஏறுவது பத்து தரம், பலகை இருபது வினாடி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதல் வாரம் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. பதினைந்து செய்துவிட்டு முப்பது என்று எழுதினேன். ஒரு நாள் எதுவுமே செய்யாமல் முப்பது என்று எழுதினேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதினால் பிரம்பை எடுக்கிற நான், என் வீட்டு ஃப்ரிட்ஜில் அதையே செய்தேன்.

ஒரு சனிக்கிழமை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். சிஸ்டர் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து முப்பது போட்டீங்களா டீச்சர்?"

"போட்டேனே."

"முந்தாநேத்தும்?"

"ம்."

"அப்ப இந்தப் படி ஏற சொல்ல தொடை வலிக்கணுமே. நீங்க பாட்டுக்கு பக்கெட்ட தூக்கிகினு ஓடியாறீங்க."

எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஷூ நாடாவை முடிந்துகொண்டே சொன்னார்: "எங்கிட்ட பொய் சொன்னா பரவால்ல, நான் மறந்துடுவேன். காலு மறக்காது டீச்சர். ரோட்டுல வந்து கேக்கும்."

கீழே வந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். முதல் எண் பதினொன்று. பதினொன்றுதான் முடிந்தது.

சிஸ்டரின் இந்தக் குணம் எப்போதும் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கார்த்திகையில் என் நாத்தனாருக்கு அதே மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. சிஸ்டர்தான் அன்று வார்டில். குழந்தையைத் தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ நானூற்று எழுபது கிராம். நாத்தனாரின் மாமியார் பொல்லாதவர். பெண்ணாகப் பிறந்ததற்கே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எடையும் குறைச்சல் என்று தெரிந்தால், வயிற்றில் இருக்கும்போது இவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஊரெல்லாம் சொல்வார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், ரெண்டரைன்னு போட்டுடுங்களேன். முப்பது கிராம்தானே?"

"முப்பது கிராம் பால் குடிச்சா வரும் டீச்சர். பேனாவுல வராது."

"எனக்காக."

"உங்களுக்காகத்தான் சொல்றேன். ரெண்டரைக்குக் கீழன்னு எழுதுனா ரெண்டு நாள் சேத்து வெச்சி பாப்போம். வூட்டுக்கும் வந்து பாப்பாங்க. எழுதலன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க."

எழுதிவிட்டார். நாத்தனாரின் மாமியார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நான் நினைத்ததை எல்லாம் சொன்னார், கூடவே நான் நினைக்காததையும் சொன்னார். எனக்கு சிஸ்டர் மேல் அப்படி ஒரு கோபம். தெரிந்தவள், கீழ் வீட்டுக்காரி, தினம் ஒரே படியில் ஏறி இறங்குகிறவள். இவளுக்காக ஒரு எண்ணை மாற்றக்கூடாதா? பத்து நாள் அவரோடு பேசவில்லை. காலையில் மாடிப்படியில் அவர் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். நான் கதவைத் திறக்க மாட்டேன்.

இரண்டாம் நாளே வார்டில் ஒன்று தெரிந்தது. குழந்தை மார்பைப் பிடிக்கிறதே தவிர, சரியாக உறிஞ்சவில்லை. ஐந்து நிமிஷத்தில் தூங்கிப் போகிறது. எடை இன்னும் இறங்கியிருந்தது. அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பிள்ளை சமர்த்தாகத் தூங்குகிறது என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்போம். சிஸ்டர் நாத்தனாரின் நெஞ்சோடு குழந்தையை வைத்துத் துணியால் கட்டி, இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பிப் பால் கொடுக்கப் பழக்கினார். பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டவும் சொல்லிக்கொடுத்தார். நாலு நாள் கழித்து எடை ஏற ஆரம்பித்ததும்தான் வீட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கும் வாரம் ஒருவர் வந்து தராசில் போட்டுப் பார்த்தார். இதையெல்லாம் நாத்தனார் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோராம் நாள் காலை பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"வாங்க டீச்சர். எத்தினி நாள் விட்டுப்போச்சு?"

"பத்து."

"பத்தும் காலியா?"

"காலிதான்."

"பரவால்ல, பாய விரிங்க."

குழந்தை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியுமே.

அந்த வருஷம் புயல் ஒன்று வந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாற்று ஆள் வர முடியாததால் சிஸ்டர் வார்டிலேயே தங்கிவிட்டார். முப்பத்தாறு மணி நேரம் கழித்து, சைக்கிளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. நான் வெந்நீர் வைத்துக் கொடுத்து, ரசம் சாதம் கொண்டுபோய் மேலே வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து சுவர்த் தாளுக்குப் பக்கத்தில் போனதும் எனக்குப் பயமாகிவிட்டது. இந்த நிலைமையில் செய்ய ஆரம்பித்துவிடுவாரோ?

"சிஸ்டர், இன்னிக்கி வேணாம். ஆஸ்பத்திரியில ஓடுனதையே கணக்குல வெச்சுக்கலாமே. ஒரு நாப்பது போட்டுக்குங்க."

"அது வேலை டீச்சர். இது வேற." பேனாவை எடுத்து இரண்டு நாளுக்கும் 0, 0 என்று போட்டார். "பூஜ்யமும் நம்பர்தானே? நீங்கதான் கணக்கு டீச்சர், சொல்லுங்க."

"நம்பர்தான்."

"அப்பறம் இன்னா?" என்று படுத்தவர், நான் தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவதற்குள் தூங்கிவிட்டார். விட்டுப்போனதை மறுநாள் சேர்த்துச் செய்யவும் இல்லை. மறுநாள் என்ன இருந்ததோ அதை மட்டும் செய்தார்.

பொங்கல் கழித்து ஓட்டம். நானும் என் கணவரும் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்ச் சாயங்காலம் முடியும் இடத்தில் காத்திருந்தோம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பியவர்கள் மாலை ஆறரைக்குள் வந்தாக வேண்டும். போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அந்த வாடைக்காற்று முகத்தில் அறையும். இளவட்டங்கள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். ஆறே கால், ஆறு இருபது, ஆறரை. சிஸ்டரைக் காணோம். ஆறு முப்பத்தேழுக்கு வந்தார். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மரக்காணம் தாண்டி டயர் பஞ்சராகி, தானே டியூப் மாற்றியிருக்கிறார். பம்பு சரியில்லாமல் நேரம் போயிருக்கிறது.

மேஜையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பேங்க் ஆபீசர், சிஸ்டரைப் போன வருஷமே தெரிந்தவர். நேரம் குறிக்கும் அட்டையை சிஸ்டரிடம் வாங்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "பஞ்சர்ல போன நேரம்தானே மேடம். ஆறு இருபத்தொன்பதுன்னு போட்டுடறேன். யாரும் கேக்கப்போறதில்ல."

நான் மனசுக்குள் கும்பிட்டேன். ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுங்கள் சிஸ்டர்.

"ஆறு முப்பத்தேழு சார். அதையே போடுங்க."

"அப்ப இது கணக்குல வராதே மேடம்."

"தெரியும் சார்."

போட்டார். பதக்கம் இல்லை. நான் பொறுக்க மாட்டாமல், "என்ன சிஸ்டர் நீங்க! மூணு மாசம் உயிரைக் குடுத்தீங்களே!" என்று கத்திவிட்டேன். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பக்கத்திலிருந்த மண்டபப் படியில் உட்கார்ந்தார். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"போன வருசம் நூத்தி அறுபதுல வேன்ல ஏறிகினு வந்தேன். இன்னிக்கி இருநூறும் நானே மிதிச்சி வந்துகீறேன். இடுப்பு வலிக்கல டீச்சர், பாத்தீங்களா? ஏழு நிமிசம்தானே. அடுத்த மழையில எடுத்துடலாம்."

அடுத்த மழையில் இரண்டு வீட்டிலும் தாள் ஒட்டினோம். நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தேன். முப்பது என்று எழுதினால் முப்பதுதான் என்ற நிலைக்கு வந்திருந்தேன். முதுகு வலி போன இடம் தெரியவில்லை. சிஸ்டர் பலகைப் பயிற்சியில் இரண்டு நிமிஷம் தாண்டினார். வெள்ளைக்காரப் பையனின் திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். வாரம் ஒரு தடவை டியூப்பைக் கழற்றி மாட்டி, பம்பு அடித்து, எத்தனை நிமிஷம் என்று எழுதினார்.

அந்த வருஷ ஓட்டத்தன்று நான் காலையில் செங்கல்பட்டிலிருந்து சைக்கிளிலேயே சதுரங்கப்பட்டினம் போய், மத்தியானம் சிஸ்டரின் அக்கா வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருந்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வந்து நின்றேன். அங்கிருந்து மாமல்லபுரம் வரை கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் அவரோடு ஓட்டுவதாக ஆசை. ஐந்தே இருபதுக்கு வந்தார். நான் உற்சாகமாக அவருக்கு முன்னால் ஏறி மிதித்தேன்.

"டீச்சர், முன்னாடி போவாதீங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார். "நீங்க காத்த மறைச்சா அது உதவி. எனக்கு கணக்குல வராது. பின்னாடி வாங்க."

பின்னால் போனேன். இரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தக் காற்றில் அவர் குனிந்து, ஒரே சீராக மிதித்துச் சின்னப் புள்ளியாகிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தனியாக மிதித்தேன். ஊர் வர மூன்று கிலோமீட்டர் இருக்கையில், கழிமுகத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் சங்கிலி கழன்று சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இருட்ட ஆரம்பித்திருந்தது. கையெல்லாம் கிரீஸ். போன் பையில்தான் இருந்தது. ஆனால் மாமல்லபுரத்தில் காத்திருந்த கணவரைக் கூப்பிட்டு ஆட்டோ அனுப்பச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம் பக்கமிருந்து ஒரு சைக்கிள் விளக்கு வந்தது. கிட்ட வந்து நின்றது. சிஸ்டர்.

"இன்னா டீச்சர், இங்க குந்திகினு கீறீங்க?"

"சிஸ்டர்! நீங்க... முடிச்சிட்டீங்களா?"

"ஆறு பதினொண்ணு." கழுத்தில் பதக்கம் இருந்தது. "உங்க வூட்டுக்காரரு தனியா நின்னுகினு இருந்தாரு. டீச்சர் வரலியான்னேன், வரலன்னாரு. பத்து நிமிசம் பாத்தேன். நகருங்க."

இறங்கி, என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு விரலால் எதையோ நெம்பிச் சங்கிலியை விடுவித்து மாட்டினார். இருநூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்த கால் என்று பார்த்தாலே தெரிந்தது. உட்கார்ந்து எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

"ஏறுங்க. நான் முன்னாடி போறேன், என் சக்கரத்த ஒட்டியே வாங்க. காத்து உங்க மேல படாது."

"அது உதவி ஆச்சே சிஸ்டர்?"

"நீங்க எந்த ஓட்டத்துல கீறீங்க? சும்மா வாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போனேன். காற்று அவர் மேல் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போவது காதில் கேட்டது. நான் பின்தங்கும்போதெல்லாம் அவர் மிதிப்பதை நிறுத்தி, நான் ஒட்டிக்கொண்ட பிறகு மறுபடி மிதித்தார். ஊருக்குள் நுழையும் வரை அப்படியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சிஸ்டர் ஓட்டியது இருநூற்று ஆறு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து தாளில் இருநூறு என்றுதான் எழுதினார்.